கண்ணால் காணாததைக் கணக்குப் போட்டவர்



மெக்கானிக்கல் மாணவர் ஸ்டீம் டேபிளைப் பிரித்தால் என்ட்ரோபி என்று ஒரு வரிசை நிற்கும். கதிர்வீச்சுக் கணக்கு வந்தால் 5.67 × 10⁻⁸ என்று ஓர் எண்ணை மனப்பாடமாக எழுதுவோம். காற்றுக்குக் காமா எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1.4 என்போம். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு டயோடு சமன்பாட்டில் 26 மில்லிவோல்ட். இந்த நான்கு இடத்திலும் பின்னால் நிற்பவர் ஒரே மனிதர். அவர்தான் லுட்விக் போல்ட்ஸ்மேன்.

ஸ்டீபன்-போல்ட்ஸ்மேன் என்பது ஒரே ஆளின் முழுப் பெயர் என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதி பாஸ் பண்ணியவர்களில் நானும் ஒருவன்! ஸ்டீபன் குரு, போல்ட்ஸ்மேன் சிஷ்யர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த மனிதரை வாழ்நாள் முழுக்க ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை இருக்கிறது என்று சொல்ல ஒரு விஞ்ஞானிக்கு உரிமை உண்டா? உண்டு என்றால், அவருக்கும் உட்கார்ந்த இடத்திலேயே பிரபஞ்ச ரகசியம் பேசும் தத்துவவாதிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் ஊகம்தானே பண்ணுகிறார்கள்?

சும்மா ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. வாருங்கள், அவர் கதையோடு சேர்த்தே பார்ப்போம்.

வரி அதிகாரி வீட்டுப் பையன்

1844 பிப்ரவரி 20. கிறிஸ்தவர்களின் கார்னிவல் கொண்டாட்டம் முடிந்து நோன்பு தொடங்கும் அந்த இரவில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். ஒருநாள் துள்ளலும் மறுநாள் துயரமுமாகத் தம் மனசு மாறி மாறி ஆடுவதற்கு இந்தப் பிறந்த நேரம்தான் காரணம் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வாராம். அந்த வேடிக்கைக்குள் எவ்வளவு வேதனை இருந்தது என்பதைக் கடைசியில் பார்க்கப் போகிறோம்.

அப்பா வரித்துறை அதிகாரி. வேலை மாற்றத்தில் குடும்பம் லின்ஸ் நகருக்குப் போனது. அங்கே பையனுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர் பின்னாளில் இசை உலகில் பெரும்புகழ் பெற்ற ஆன்டன் புரூக்னர். ஒருநாள் மழையில் வந்த புரூக்னர் ஈரக் கோட்டைக் கட்டில்மேல் போட்டுவிட, அம்மாவுக்குக் கோபம் வந்து அதோடு பாடம் நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். பாடம் நின்றாலும் பியானோ நிற்கவில்லை. கடைசி வரை வாசித்தார்.

15 வயதில் அப்பா இறந்தார். தாயின் சொத்தைக் கொண்டுதான் படிப்பு. 1863-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஜோசப் ஸ்டீபன் என்ற அருமையான ஆசிரியர் கிடைத்தார். மாக்ஸ்வெல்லின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஸ்டீபன் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பையனுக்கோ இங்கிலீஷ் தெரியாது! அதனால் கட்டுரைகளோடு ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தையும் சேர்த்தே கொடுத்தார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் டிக்ஷனரியும் கையுமாக உட்கார்ந்த நண்பர்களே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நம்ம கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார்!

அதே வியன்னாவில் ஜோசப் லோஷ்மிட் என்ற இன்னொரு மனிதரும் இருந்தார். 1865-இல் காற்றின் மூலக்கூறு எவ்வளவு பெரியது என்று முதன்முதலாகக் கணக்குப் போட்டவர். ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று விடை வந்தது. பார்த்தவர் எவரும் இல்லை, ஆனால் அளவு வந்துவிட்டது! போல்ட்ஸ்மேன் இவரை மூத்த நண்பராக மதித்தார். இந்த நண்பர்தான் பின்னால் அவருடைய பெரிய கோட்பாட்டில் பெரிய ஓட்டையைக் காட்டப் போகிறவர்.

ஊதுவத்திப் புகை திரும்பி வருமா?

1866-இல் டாக்டர் பட்டம். 1869-இல் கிராஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அப்போது வயது 25.

அந்தக் காலத்தில் அணுவின் நிலைமை பரிதாபம். கெமிஸ்ட்ரிக்காரர்கள் வசதிக்கு அணு என்று எழுதிக்கொள்வார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்டால் பலர் நழுவிவிடுவார்கள். போல்ட்ஸ்மேன் நழுவவில்லை. வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் ஓட்டம், அழுத்தம் என்பது அவை சுவரில் மோதுவது என்று எடுத்துக்கொண்டு, அந்த ஓட்டத்துக்கு நியூட்டனின் விதிகளை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. ஹாஸ்டல் ரூமில் ஒரு மூலையில் ஊதுவத்தி ஏற்றினால் புகை அறை முழுக்கப் பரவும். பரவிய புகை தானாகத் திரும்பி வந்து ஊதுவத்திக்குள் புகுந்ததாக யாராவது பார்த்ததுண்டா? சூடான டீ தானாக ஆறும், ஆறிய டீ தானாகச் சூடாகாது. இந்த ஒருவழிப் பாதையைத்தான் வெப்ப இயங்கியலின் இரண்டாம் விதி சொல்கிறது. என்ட்ரோபி கூடும், குறையாது. சரி, ஏன்?

1872-இல் போல்ட்ஸ்மேன் ஒரு பெரிய சமன்பாட்டை வெளியிட்டார். மூலக்கூறுகள் மோதி மோதிக் கடைசியில் சமநிலைக்குத்தான் வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை என்று அதிலிருந்து நிரூபித்ததாக நினைத்தார். 28 வயதில் இயற்கையின் ஒரு பெரிய விதிக்கே காரணம் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்!

நண்பர் காட்டிய ஓட்டை

1876-இல் லோஷ்மிட் ஒரு கேள்வி எழுப்பினார். எளிமையான கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் எல்லா மூலக்கூறுகளையும் ஒரு கணத்தில் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? சினிமா ரீலைப் பின்னோக்கி ஓட்டியது மாதிரி எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். நியூட்டனின் விதிகளில் இதற்குத் தடை ஏதும் இல்லை. அப்படியானால் இரண்டு பக்கமும் ஓடக்கூடிய விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவழிப் பாதையை எப்படி நிரூபிக்க முடியும்?

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நம்மில் ஒருவர் பேச்சுப் போட்டியில் இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? வார்த்தையை மாற்றுவோம், நான் சொன்னதன் உள்ளர்த்தமே வேறு என்போம். பிடி கொடுக்காமல் பேசுவோம்! போல்ட்ஸ்மேன் அப்படிச் செய்யவில்லை. ஓட்டை ஓட்டைதான் என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்தே தம் கருத்தை மாற்றினார். 1877-இல் வந்த பதில்தான் அவருடைய வாழ்க்கையின் உச்சம்.

பதில் இதுதான். புகை திரும்பி வருவது நடக்கவே முடியாத காரியம் இல்லை. நடப்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு, அவ்வளவுதான்.

காசு சுண்டிப் பாருங்கள். 10 காசுகளைச் சுண்டினால் மொத்தம் 1024 விதமாக விழலாம். எல்லாமே தலை என்பது ஒரே ஒரு விதம். பாதி தலை, பாதி பூ என்பது 252 விதம். 100 காசு என்றால் எல்லாமே தலை அப்போதும் ஒரே விதம்தான். ஆனால் சரிபாதியாக விழும் விதங்கள் ஏறக்குறைய 10²⁹! ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இருப்பதோ சுமார் 2.7 × 10¹⁹ மூலக்கூறுகள். பரவிக் கிடக்கும் விதங்கள் எத்தனை, ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் விதங்கள் எத்தனை என்று யோசித்தாலே தலை சுற்றும். இயற்கை எந்தப் பக்கமும் சாயவில்லை. எந்தப் பக்கம் விதங்கள் அதிகமோ அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

இந்த விதங்களின் எண்ணிக்கையின் லாகரிதம்தான் என்ட்ரோபி. ஏன் லாகரிதம்? இரண்டு பாத்திரங்களைச் சேர்த்து எடுத்தால் விதங்கள் பெருக்கப்படும், என்ட்ரோபி கூட்டப்படும். பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதற்குத்தானே நாமும் லாக் டேபிளைத் தூக்குகிறோம்!

1872-இல் கட்டாயம் என்று சொன்னவர், 1877-இல் பெரும்பாலும் என்று இறங்கி வந்தார். பார்வைக்குத் தோல்வி மாதிரி இருக்கும். ஆனால் அந்த இறக்கத்தில்தான் புள்ளியியல் இயக்கவியல் என்ற ஒரு துறையே உறுதியாக எழுந்து நின்றது.

1.4 சொல்லும் கதை

ஊகத்தை அவர் எண்ணாக மாற்றிய இடங்கள் இன்னும் உண்டு. 1876-இல் பாதரச ஆவியின் காமா 1.67 என்று குண்ட், வார்பர்க் என்ற இருவர் அளந்திருந்தார்கள். மூலக்கூறு ஒற்றை உருண்டை என்றால் கணக்குப்படி 5/3 வரும். சரியாக இருந்தது. காற்றுக்கு? ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் ஜிம்மில் தூக்கும் டம்ப்பெல் மாதிரி இரண்டு உருண்டைகள் விறைப்பாக இணைந்தவை என்று எடுத்துக்கொண்டால் 7/5, அதாவது 1.4! இப்படியொரு படத்தைப் போல்ட்ஸ்மேன் வரைந்தார். பார்க்காத பொருளின் வடிவத்தைச் சொல்லி, அளந்த எண்ணை வரவழைத்துவிட்டார்.

ஆனால் மாக்ஸ்வெல் விடவில்லை. வாயுக்கள் ஒளிரும்போது நிறமாலையில் அத்தனை கோடுகள் தெரிகின்றனவே, மூலக்கூறுக்குள் ஏதோ அதிர்கிறது என்றுதானே அர்த்தம்? உள்ளே அதிர்வு இருந்தால் கணக்கில் 1.4 வராதே? நியாயமான கேள்வி. போல்ட்ஸ்மேனிடம் இதற்கு முழுமையான பதில் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் குவாண்டம் இயக்கவியல் வந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

1884-இல் இன்னொரு சாதனை. சூடான பொருள் வீசும் கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 1879-இல் ஸ்டீபன் அளவீடுகளிலிருந்து சொல்லியிருந்தார். சிஷ்யர் அதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்துக் காட்டினார். எப்படி? சிலிண்டருக்குள் நீராவிக்குப் பதிலாகக் கதிர்வீச்சை அடைத்து, அது பிஸ்டனைத் தள்ளுவதாக வைத்துக் கார்னாட் சுழற்சிக் கணக்கைப் போட்டார்! ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பதை அப்போது பரிசோதனையில் யாரும் அளந்ததில்லை. ரஷ்யாவின் லெபடேவ் அதை அளந்து வெளியிட்டது 1901-இல்தான்.

பேராசிரியரும் பசுமாடும்

மனிதர் எப்படி? குள்ளமான, பருத்த உருவம், சுருட்டைத் தாடி, கனமான கண்ணாடி. மாணவர்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். கிராஸில் இருந்தபோது சந்தையில் ஒரு பசுமாடு வாங்கி, தாமே தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போய், பால் கறப்பது எப்படி என்று விலங்கியல் பேராசிரியரிடம் விசாரித்தார் என்று ஒரு கதை உண்டு.

மனைவி ஹென்ரியெட். பெண்கள் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்பதற்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் கணிதமும் இயற்பியலும் கேட்க முயன்ற பெண். தடையை எதிர்த்து மனுப் போடச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் போல்ட்ஸ்மேன். 1876-இல் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் வியன்னாவில் அவரிடம் படித்த லிசே மைட்னர் என்ற மாணவிதான் அணுக்கருப் பிளவுக்கு விளக்கம் தந்தவர்களில் ஒருவர். அவரும் தம் ஆசிரியரின் வகுப்புகளைக் கடைசி வரை வியந்து பேசினார்.

1889-இல் மூத்த மகன் குடல்வால் நோயால் இறந்தான். நோயின் கடுமையைச் சரியான நேரத்தில் உணரவில்லையே என்ற வேதனை அப்பாவை விடவே இல்லை.

மாக் வருகிறார்

இப்போது கதையின் எதிர்த்தரப்பு. எர்ன்ஸ்ட் மாக் என்றால் நமக்கு மாக் எண் ஞாபகம் வரும். ஒலியை விட வேகமாகப் பாயும் துப்பாக்கிக் குண்டின் அதிர்வலையைப் படம் பிடித்த அதே மனிதர்தான். 1895-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

மாக்கின் வாதம் கறாரானது. விஞ்ஞானத்தின் வேலை, புலன்களுக்குத் தெரிவதைச் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் சொல்வது. அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் கற்பனை. அணுவை யாராவது பார்த்தீர்களா? இல்லையே! கணக்குக்கு வசதி என்றால் வைத்துக்கொள்ளுங்கள், உண்மை என்று சொல்லாதீர்கள்.

வியன்னா அறிவியல் கழகத்தின் கூடத்தில் ஒருநாள் இதுபற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. அணுக்கள் இருப்பதாகத் தாம் நம்பவில்லை என்று மாக் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒரு வரி தம் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்ததாகப் போல்ட்ஸ்மேனே பின்னால் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பக்கம் வேதியியல் மேதை ஆஸ்ட்வால்ட். இவர் கட்சி, உலகில் உண்மையானது ஆற்றல் மட்டுமே, அணு தேவையில்லை என்பது. 1895-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்த மாநாட்டில் போல்ட்ஸ்மேன் இந்தக் கட்சியோடு நேருக்கு நேர் மோதினார். அவர் எதிர்த்த விதத்தைக் கவனியுங்கள். உங்கள் தத்துவம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. நீங்கள் போட்ட வருவிப்பில் இந்தப் படியிலிருந்து அந்தப் படி வரவில்லை என்று வரிவரியாகக் காட்டினார். மோதலுக்குப் பிறகும் ஆஸ்ட்வால்ட் நண்பராகவே இருந்தார். 1900-இல் போல்ட்ஸ்மேன் வேலைக்குப் போனது ஆஸ்ட்வால்ட் இருந்த லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குத்தான்!

மாக்குக்கு அவர் சொன்ன பதிலும் அழகானது. புலனுக்குத் தெரிவது மட்டும்தான் உண்மை என்றால், எதிரே இருப்பவருக்கு வலிக்கிறது என்பதைக்கூட நான் சொல்ல முடியாதே? அவர் வலி என் புலனுக்குத் தெரியாதே? ஆக, பார்த்ததைத் தாண்டாமல் யாராலும் ஒரு அடிகூட வைக்க முடியாது. எல்லாக் கோட்பாடும் மனசுக்குள் நாம் வரையும் படம்தான். கேள்வி, அந்தப் படம் தெளிவாக இருக்கிறதா, சோதனைக்கு ஒத்து வருகிறதா என்பதே. அணுவை விடத் தெளிவான படம் வந்தால் ஏற்றுக்கொள்ளத் தயார் என்பதுதான் அவர் நிலை.

லேபிள் ஒட்டிய ஊகம்

1896-இல் இன்னொரு தாக்குதல். மாக்ஸ் பிளாங்கின் உதவியாளராக இருந்த ஸெர்மெலோ என்ற இளைஞர், பாயின்காரே நிரூபித்த ஒரு கணிதத் தேற்றத்தைக் கொண்டுவந்தார். அடைபட்ட ஒரு அமைப்பு, போதுமான காலம் கழித்துத் தன் பழைய நிலைக்கு அருகே திரும்பி வந்தே தீரும் என்பது அந்தத் தேற்றம். அப்படியானால் புகை திரும்பும்தானே?

திரும்பும் என்றார் போல்ட்ஸ்மேன்! எவ்வளவு காலத்தில் என்றும் கணக்குப் போட்டார். ஒரு கன சென்டிமீட்டர் வாயுவுக்கே, அத்தனை வருடங்களை எண்ணால் எழுதினால் இலக்கங்களே கோடி கோடியாக வரும். அதுவரை காத்திருக்கத் தயாரா?

அதே சமயத்தில் இன்னொரு பெரிய கேள்விக்கும் அவர் முகம் கொடுத்தார். பிரபஞ்சம் ஏன் இன்னும் சமநிலைக்கு வந்து அடங்கிவிடவில்லை? 1895-இல் நேச்சர் இதழில் ஒரு துணிச்சலான யோசனையைச் சொன்னார். ஒருவேளை பிரபஞ்சம் முழுவதும் சமநிலையில்தான் இருக்கிறதோ, தற்செயலாக ஒரு சிறு மூலையில் ஏற்பட்ட ஏற்ற இறக்கத்தில்தான் நாம் வாழ்கிறோமோ? இந்த யோசனையைச் சொன்ன தம் உதவியாளருக்கே அதன் பெருமையைக் கொடுத்தார். இதை அவர் நிரூபணம் என்று விற்கவில்லை. இதுவரை வருவித்தது, இதற்கு மேல் ஊகம் என்று கோடு கிழித்தே பேசினார். இன்றைய பிரபஞ்சவியலாளர்களில் பெரும்பாலோர் இந்த யோசனையை ஏற்பதில்லை. ஆனால் எங்கே தவறு என்று அவர்களால் சொல்ல முடிவதற்குக் காரணம், அவர் அதைப் பிடி கொடுத்துச் சொன்னதுதான்.

1898-இல் வாயுக் கோட்பாடு பற்றிய நூலின் இரண்டாம் பகுதியை வெளியிட்டபோது, காலத்தின் போக்கை எதிர்த்துப் பலவீனமாகப் போராடும் தனி மனிதனாகத் தம்மை உணர்வதாக முன்னுரையில் எழுதினார். என்றாவது இந்தக் கோட்பாடு மறுபடி எழும்போது, வருகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிராமல் இருக்கட்டும் என்றே எழுதுவதாகவும் குறித்தார்.

தத்துவ மேடையில்

விதியின் விளையாட்டைப் பாருங்கள். உடல்நலம் கெட்டு மாக் 1901-இல் ஓய்வு பெற்றார். 1902-இல் வியன்னா திரும்பிய போல்ட்ஸ்மேனிடம், மாக் நடத்திய தத்துவ வகுப்பே 1903-இல் வந்து சேர்ந்தது! ஹெகலையும் ஷோபன்ஹவரையும் புரியாத வார்த்தைகளில் கோட்டை கட்டுகிறவர்கள் என்று கேலி செய்தவர், இப்போது தத்துவ வாத்தியார்!

முதல் வகுப்புக்குக் கூட்டம் அலைமோதியது. உட்கார இடமில்லை. ஆனால் போகப் போக அவருக்கே திருப்தி இல்லை. பாடம் தயார் பண்ணத் திணறினார். தத்துவவாதி பிரெண்டானோவுக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார், 1905-இல் அவரைப் பார்க்க ஃபிளாரன்ஸ் வரை போனார்.

அந்த வகுப்புகளில் அவர் சொன்ன ஒரு கருத்து இன்றும் யோசிக்க வைக்கிறது. டார்வின்மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை. நம் மூளையும் கை கால் போலப் பரிணாமத்தில் வளர்ந்ததுதான் என்றார். உணவு தேட, ஆபத்திலிருந்து தப்ப, எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கும் பழக்கம் நமக்கு வந்தது. அந்தப் பழக்கம் சில சமயம் எல்லை தாண்டி ஓடிவிடுகிறது. காரணத்துக்கே காரணம் என்ன, இருப்பதே ஏன் இருக்கிறது என்று கேட்டு, விடை வராமல் வாடுகிறோம் என்றார்.

அதே மூளை, அதே உழைப்பு. இயற்பியலில் சிங்கம், தத்துவத்தில் ஏன் திணறல்? எனக்குத் தோன்றுவது இதுதான். இயற்பியலில் அவர் தவறினால் ஒரு லோஷ்மிட் வந்து பிடிப்பார், ஒரு மாக்ஸ்வெல் வந்து பிடிப்பார், 1.4 என்ற எண் வந்து பிடிக்கும். தத்துவத்தில் அப்படிப் பிடிக்க எண் கிடையாது.

அதற்காகத் தத்துவத்தை மட்டம் தட்டிவிடாதீர்கள்! நியூட்டன் சொன்ன தனித்த வெளியை யார் பார்த்தது என்று 1883-இல் தம் இயக்கவியல் நூலில் மாக் கேட்ட கேள்வி, மாணவராக இருந்த ஐன்ஸ்டீனை உலுக்கியது. அதே ஐன்ஸ்டீன் போல்ட்ஸ்மேனின் வாயுக் கோட்பாட்டையும் ஆழ்ந்து படித்தார். ஒரு கையில் மாக், மறு கையில் போல்ட்ஸ்மேன்! 1905-இல் ஒரே வருடத்தில் சார்பியலும் வந்தது, அணுவை நிரூபிக்க வழியும் வந்தது. கேள்வி கேட்பதில் கறாராக இருக்கத் தத்துவம் சொல்லித் தந்தது, பதில் சொல்வதில் கறாராக இருக்க இயற்பியல் சொல்லித் தந்தது.

டுயினோ கடற்கரை

மூச்சுத் திணறல், தலைவலி, மங்கிப்போகும் கண்பார்வை, இவற்றோடு மாறி மாறி வாட்டிய மனச்சோர்வு. 1906-இல் வகுப்பெடுக்க முடியாத நிலை. அந்தக் கோடையில் மனைவி, கடைசி மகளோடு ட்ரியஸ்ட் அருகே டுயினோ என்ற கடற்கரை ஊருக்குப் போனார். செப்டம்பர் 5 அன்று, 62-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அணுவை யாரும் ஏற்காததால்தான் இறந்தார் என்று சிலர் கதை கட்டுவார்கள். முழு உண்மை அதுவல்ல. அவருக்குப் புகழ் இருந்தது, பதவி இருந்தது, உலகெங்கும் மாணவர்கள் இருந்தார்கள். இருந்தது ஒரு நோய். அதற்குச் சரியான வைத்தியம் அந்தக் காலத்தில் இல்லை. இன்று இருக்கிறது. நண்பர்களே, அரியர் போட்ட வருத்தத்திலோ வேறு எதிலோ லைட்டைக்கூடப் போடாமல் ரூமில் உட்கார்ந்திருக்கும் நண்பனைப் பார்த்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள், பேசுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்க வேண்டாம்.

இரண்டே வருடம்!

1908-இல் பாரிஸில் ழான் பெரின், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஆட்டத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணினார். ஐன்ஸ்டீனின் கணக்குக்கு அப்படியே ஒத்து வந்தது. பிடிவாதமாக இருந்த ஆஸ்ட்வால்ட், 1909-இல் வெளிவந்த தம் பாடநூல் பதிப்பின் முன்னுரையில் அணுக்கொள்கை நிரூபணமாகிவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தோற்றதை ஒப்புக்கொண்ட அவருக்கும் ஒரு சபாஷ்! பெரினுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒருகாலத்தில் அணுவைச் சந்தேகித்த பிளாங்க், 1900-இல் குவாண்டம் கொள்கையைத் தொடங்கியபோது கையில் எடுத்தது போல்ட்ஸ்மேனின் விதங்களை எண்ணும் முறையைத்தான். எஸ் = கே லாக் டபிள்யூ என்ற வடிவத்தில் சூத்திரத்தை எழுதியதும், அந்தக் கே என்ற மாறிலியைப் புகுத்தியதும் பிளாங்கே. வியன்னா மத்தியக் கல்லறையில் போல்ட்ஸ்மேனின் சிலைக்கு மேலே இன்று அந்தச் சூத்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. 2019 மே 20 முதல், 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்ற போல்ட்ஸ்மேன் மாறிலியை நிலையாக வைத்துத்தான் கெல்வின் என்ற அலகே வரையறுக்கப்படுகிறது. இருக்கிறதா இல்லையா என்று சண்டை போட்ட ஒரு பொருளின் பெயரால் உலகமே வெப்பத்தை அளக்கிறது!

முடிவாக ஒன்று. நம் பரீட்சைத் தாளில், வாயு இலட்சிய வாயு என எடுத்துக்கொள்க, உராய்வு இல்லை எனக் கொள்க என்று எழுதுகிறோமே, அந்த வரியைச் சும்மா சடங்குக்கு எழுதாதீர்கள். அது ஊகத்துக்கு ஒட்டும் லேபிள். பிராஜக்ட் ரிப்போர்ட்டில் ரீடிங்கைத் திருத்திக் கிராஃபை நேராக்காதீர்கள். வைவாவில் கேள்வி இடித்தால் மழுப்பாதீர்கள். ஊகம் பண்ணுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய ஊகமாகவே பண்ணுங்கள். ஆனால் எதிராளி பிடிப்பதற்கு ஒரு பிடி வைத்துப் பண்ணுங்கள். பிடிபட்டால் திருத்திக்கொள்ளுங்கள்.

போல்ட்ஸ்மேன் நமக்கு விட்டுப்போன பாடம் அதுதான். வாழ்த்துகள் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்